ஸ்பிரேயா, ரோலரா? என் ஓட்டு ரோலருக்கு!



பொங்கல் நெருங்கினால் நம்ம திருவள்ளூர் பக்கம் எல்லார் வாயிலும் பெயின்ட் பேச்சுதான். சுண்ணாம்பும் மட்டையும் போய் எமல்ஷனும் ரோலரும் வந்து ரொம்ப நாளாச்சு. இப்போது அடுத்த ஆசை, "ஸ்பிரே அடிச்சா ஒரே நாள்ல முடிஞ்சிடுமே!" என்பது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி இருப்பவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதல். இரும்புச் சாமான்களுக்கு ஸ்பிரே அடிப்பதைப் பார்த்தே வளர்ந்த ஊராச்சே!

என் கட்சி இதுதான்: ஆள் குடியிருக்கும் வீட்டுக்குள் ஸ்பிரே வேண்டாம்.

ரோலர் பழசு, ஸ்பிரே புதுசு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியின் பிரம்மாண்டக் கட்டடங்களுக்கே தெளிப்பான் வைத்துத்தான் வெள்ளையடித்தார்கள். (விவேகானந்தர் பேசிய சர்வ சமய மாநாடு அந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்ததுதான்.) ரோலர் வந்ததோ 1940-ல், கனடாவைச் சேர்ந்த நார்மன் பிரேக்கி மூலமாக. ஆக, ரோலர்தான் தம்பி!

சிகாகோவில் ஸ்பிரே ஏன் ஜெயித்தது? கட்டடம் பெரிசு, புதுசு, உள்ளே குடியிருப்பவர் யாரும் இல்லை, அவசரமும் இருந்தது. நம் வீடு அப்படியா? இரண்டு ரூம், ஒரு ஹால். பீரோ, டிவி, ஃபேன், ஸ்விட்ச் போர்டு, ஜன்னல், தரை என்று எல்லாவற்றையும் பேப்பரும் டேப்பும் போட்டு மூட வேண்டும். ஸ்பிரேயில் மிச்சமாகும் நேரம் இந்த மூடுகிற வேலையிலேயே போய்விடும். புகை மாதிரி பறக்கும் பெயின்ட்டும் நம் காசுதான். வெளிச்சுவர் என்றால் கேட்கவே வேண்டாம், காற்றடித்தால் பக்கத்து வீட்டு பைக்குக்கும் சேர்த்து இலவசமாக அடித்துக் கொடுத்துவிடுவோம் :-)

இன்னொன்று, இரும்பும் சுவரும் ஒன்றல்ல. வழவழப்பான தகடு பெயின்ட்டைக் குடிக்காது. சிமென்ட் பூச்சு குடிக்கும். ரோலர் பெயின்ட்டை அழுத்தித் தேய்த்து, சின்னச் சின்ன துளைக்குள்ளும் ஏற்றிவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் சுவரில் ஸ்பிரே அடித்தாலும் ஈரம் காய்வதற்குள் ஒருமுறை ரோலர் ஓட்டுகிறார்கள். நாளைக்கு ஒரு இடத்தில் அழுக்காகித் திரும்ப அடித்தாலும், ரோலர் அடித்த சுவரில் அந்த ஒட்டு அவ்வளவாகத் தெரியாது.

இதெல்லாம் நம் வசதி. எனக்கு முக்கியமாகப் படுவது பெயின்டர் அண்ணன்கள். ஸ்பிரே அடிக்கும்போது பறக்கும் துளிகள் ரொம்ப நுண்ணியவை. முகத்தில் கட்டும் துண்டு அவற்றைத் தடுக்காது, அதற்கென்று ஃபில்டர் வைத்த மாஸ்க் வேண்டும். முறையான தொழிற்சாலையில் தனி அறையும் காற்றை வெளியே இழுக்கும் ஃபேனும் இருக்கும். நம் படுக்கையறையில் என்ன இருக்கிறது? போதாததற்கு, ஏர்லெஸ் மெஷின்களில் அழுத்தம் 3000 பி.எஸ்.ஐ. வரை போகும். பைக் டயரில் இருப்பது சுமார் 30 தான். அந்த முனையில் விரல் பட்டால் பெயின்ட் தோலைத் துளைத்து உள்ளே ஏறிவிடும். பார்க்க ஊசி குத்தின மாதிரிதான் இருக்கும், ஆனால் உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலே போகலாம்.

ரோலரில் கஷ்டமே இல்லையா? இருக்கிறது. சீலிங் அடித்தால் கழுத்து வலிக்கும், மூலைகளுக்கு பிரஷ் வேண்டும், ஓரிரு நாள் கூடுதலாகும், கூலியும் கூடும். அந்தக் கூலி ஒரு தொழிலாளியின் வீட்டுக்குத்தானே போகிறது?

கதவு மாட்டாத புது ஃபிளாட், பெரிய குடோன், கழற்றி வெளியே வைத்த கிரில், கேட் இதற்கெல்லாம் தாராளமாக ஸ்பிரே அடிக்கலாம். அப்போதும் மேஸ்திரியிடம் ஒன்று கேளுங்கள்: "அடிக்கிறவருக்கு மாஸ்க் இருக்கா?" இல்லை என்றால் மெஷினைத் திருப்பி அனுப்பிவிட்டு ரோலரை எடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் ஓட்டு எதற்கு?