சோர்வு சோம்பல் அன்று



சில ஆண்டுகளுக்கு முன் வீடு சந்திக்கச் சென்றபோது நான் செய்த ஒரு தவற்றை இம்மாதம் உங்களிடம் சொல்லிவிட விரும்புகிறேன். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் உள்ள பகுதியை அடுத்த தெரு அது. அந்த வீட்டுத் தாய் அச்சில் வார்த்தெடுத்த பொம்மைகளைச் சீர்செய்யும் வேலைக்குச் செல்பவர். "சாமி, இவள் முன்போல் இல்லை. பொழுது விடிந்தும் எழுந்திருப்பதில்லை. சமையல் பாதியில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் வருவதில்லை. கேட்டால் அசதி என்கிறாள். நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்" என்று கணவர் முறையிட்டார். நானும் புத்தி சொன்னேன். தலையான பாவங்கள் ஏழனுள் சோம்பலும் ஒன்று என்பதை நினைவூட்டினேன். அதிகாலையில் எழுந்து செபித்தால் உடலும் உள்ளமும் சுறுசுறுப்படையும் என்றேன். அந்தத் தாய் ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை. தலை குனிந்து கேட்டுக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து, அவரே ஒரு தாளுடன் பங்கு இல்லத்துக்கு வந்தார். முகம் ஊதியிருந்தது. குரல் கரகரத்திருந்தது. நல்ல வெயிலிலும் முந்தானையைப் போர்த்தியிருந்தார். இரத்தப் பரிசோதனை முடிவு அந்தத் தாள். "சாமி, இதில் 38 என்று போட்டிருக்கிறது. தைராய்டு மிகவும் கூடிவிட்டது, உப்பை நிறுத்து என்று அக்கம் பக்கத்தார் சொல்கிறார்கள். நிறுத்திவிட்டேன். ஆனால் அசதி தீரவில்லையே" என்றார். மெய்யியலும் இறையியலும் பல ஆண்டு பயின்ற எனக்கு அந்த ஒற்றைத் தாளைப் படிக்கத் தெரியவில்லை. தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றேன். அன்று அம்மருத்துவர் எங்கள் இருவருக்கும் சொன்ன பாடத்தையும், அதன்பின் நான் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையும் இங்கே தருகிறேன். இதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு அஞ்சியிருக்கும் வீடுகள் நம் பங்குகளில் பல உண்டு.

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்திருப்பது தைராய்டுச் சுரப்பி. கேடயச் சுரப்பி என்றும் அதனைத் தமிழில் சொல்வர். அது சுரக்கும் நீர்களுள் முதன்மையானது டி4 எனப்படும் தைராக்சின். உடலின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு விரைவாக வேலை செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்வது இதுவே. இதயத் துடிப்பு, உடற்சூடு, குடலின் இயக்கம், மாதவிலக்கின் ஒழுங்கு, நினைவாற்றல் ஆகிய அனைத்திலும் அதற்குப் பங்கு உண்டு.

நம் ஊர்க்காரர்களுக்குச் சூளையைச் சொன்னால் எளிதில் விளங்கும். சூளைக்குத் தீயிடுபவர் ஒருவர். வெளியே நின்று வெப்பத்தைப் பார்த்து ஆணையிடும் மேற்பார்வையாளர் ஒருவர். வெப்பம் குறைந்தால் மேற்பார்வையாளர் குரலை உயர்த்துவார். வெப்பம் அளவுக்கு மிஞ்சினால் வாய் திறக்கமாட்டார். தீயிடுபவர் தைராய்டு. வெப்பம் தைராக்சின். மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியே மேற்பார்வையாளர். அவர் எழுப்பும் குரலுக்குத்தான் டி.எஸ்.எச். என்று பெயர்.

ஆகவே டி.எஸ்.எச். கூடியிருக்கிறது என்றால் தைராய்டு கூடிவிட்டது என்று பொருளன்று. தைராய்டு குறைந்துவிட்டது என்பதே பொருள். தீ தணிந்துவிட்டதால் மேற்பார்வையாளர் தொண்டை கிழியக் கத்துகிறார். அந்தத் தாயின் தாளில் இருந்த 38 இத்தகைய கூக்குரல்தான். அக்கம் பக்கத்தார் அதனைத் தலைகீழாகப் புரிந்துகொண்டனர்.

இனி, தாளை எப்படிப் பார்ப்பது? டி.எஸ்.எச். பெரியவர்களுக்குப் பொதுவாக ஏறத்தாழ 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை இருக்கலாம். ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் இவ்வெல்லை சிறிது மாறும். உங்கள் தாளில் அச்சிட்டிருக்கும் எல்லையோடுதான் உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டும். அதனுடன் கட்டற்ற டி4 என்ற எண்ணையும் சேர்த்தே படிக்க வேண்டும். கட்டற்றது என்றால் புரதத்தோடு ஒட்டாமல், உடல் உடனே பயன்படுத்தக்கூடிய நிலையில் உள்ளது என்று பொருள்.

முதலாவது, டி.எஸ்.எச். உயர்ந்தும் டி4 தாழ்ந்தும் இருந்தால், அது ஐயமற்ற தைராய்டுக் குறைவு. அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், உடல் எடை கூடுதல், அதிக மாதவிலக்கு ஆகியவை இதன் அடையாளங்கள். தைராக்சின் மாத்திரையே இதற்கு மருந்து.

இரண்டாவது, டி.எஸ்.எச். சற்றே உயர்ந்து டி4 சரியாக இருந்தால், அது எல்லைக்கோட்டு நிலை. எண் 10க்கு மேல் போனால் பெரும்பாலும் மருத்துவர் மருந்து தருவார். 10க்குக் கீழே இருந்தால் பலருக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதே போதும். அது தானாகவே இறங்கிவிடுவதும் உண்டு. முதியோருக்கு இந்த எண் இயல்பாகவே சிறிது கூடுதலாக இருக்கும். ஆகையால் 5 என்றோ 6 என்றோ கண்டவுடன், 'என் அசதிக்குக் காரணம் கிடைத்துவிட்டது' என்று முடிவுகட்ட வேண்டாம். காரணம் வேறிடத்தில் ஒளிந்திருக்கலாம்.

மூன்றாவது, டி.எஸ்.எச். மிகத் தாழ்ந்து டி4 உயர்ந்திருந்தால், சூளை அளவுக்கு மீறி எரிகிறது. படபடப்பு, கைந்நடுக்கம், வியர்வை, உண்டும் இளைத்துப்போதல் ஆகியவற்றோடு இதிலும் அசதி வரும். மருந்தோ முற்றிலும் வேறு. 'எனக்கும் அசதி, அவளுக்கும் அசதி' என்று அடுத்த வீட்டு மாத்திரையை வாங்கி விழுங்குவது எத்தகைய ஆபத்து என்பதை இதனால் அறியலாம்.

நான்காவது நிலை அரியது. ஆயினும் தாய்மார்கள் அறிய வேண்டும். டி4 தாழ்ந்திருந்தும் டி.எஸ்.எச். உயராமல் இருந்தால், மேற்பார்வையாளரே நோயுற்றிருக்கிறார். பிள்ளைப்பேற்றின்போது பெருமளவு இரத்தம் போன சிலருக்குப் பிட்யூட்டரிச் சுரப்பி பாதிக்கப்படுவது உண்டு. பால் சுரக்காமை, மாதவிலக்கு திரும்பாமை, தீராத சோர்வு ஆகியவை அதன் அறிகுறிகள். அத்தகைய வரலாறு உங்களுக்கு இருந்தால் மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் இந்நோய் தப்பிவிடும்.

பரிசோதனைக்குச் செல்பவர்களுக்குச் சில குறிப்புகள். வெறும் வயிறு கட்டாயம் அன்று, ஆனால் டி.எஸ்.எச். நாளின் வேளைக்கேற்ப ஏறி இறங்குவதால், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இரத்தம் கொடுப்பது நலம். ஏற்கெனவே மாத்திரை உட்கொள்பவர்கள் அன்று காலை இரத்தம் கொடுத்தபின் மாத்திரையைப் போடலாம். கடும் காய்ச்சலில் கிடக்கும்போது எடுத்த எண்ணை நம்ப முடியாது. முடி வளர்வதற்கென்று விற்கப்படும் பயோட்டின் மாத்திரை இந்தப் பரிசோதனையைக் குழப்பவல்லது. அதனை உட்கொள்பவர்கள் முன்கூட்டியே தெரிவித்து, இரண்டு நாளாவது நிறுத்திய பின்னரே இரத்தம் கொடுக்க வேண்டும்.

தைராய்டு ஏன் குறைகிறது? முற்காலத்தில் அயோடின் பற்றாக்குறையே பெருங்காரணம். இமயத்தின் அடிவாரத்தில் தொண்டைக் கழலை ஊர் ஊராகப் பரவியிருந்தது. 1956இல் தொடங்கி, காங்கிரா பள்ளத்தாக்கில் மருத்துவர் இராமலிங்கசாமியும் குழுவினரும் அயோடின் சேர்த்த உப்பை மக்களுக்கு அளித்து ஆராய்ந்தனர். சில ஆண்டுகளில் கழலை கணிசமாகக் குறைந்தது. 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. இன்று நாம் உண்ணும் அயோடின் உப்பு அந்த உழைப்பின் கனி. ஆயினும் 2018–19இல் நடந்த நாடளாவிய ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்தியாவில் 76 விழுக்காடு என்றும், தமிழகத்தில் ஏறத்தாழ 62 விழுக்காடு மட்டுமே என்றும் தெரியவந்தது. உப்பு விளையும் நாட்டில் உள்ள நமக்கு இது பெருமை தருவதன்று. கல்லுப்பு வாங்கினாலும் அயோடின் சேர்த்ததா என்று பார்த்து வாங்குங்கள்; மூடி வையுங்கள்; அடுப்பருகே வைக்காதீர்கள்.

இன்று பெரியவர்களிடம் நாம் காணும் தைராய்டுக் குறைவுக்கு மற்றொரு காரணமும் பெரிது. உடலின் காவற்படையே தன் சுரப்பியைப் பகையென எண்ணித் தாக்குகிறது. 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ இதனை முதன்முதல் விவரித்தார். பெண்களுக்கே இது மிகுதி. சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டுக் குறைவு இருந்தது. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தமக்கு அந்நோய் இருப்பதை அறியாமலே இருந்தனர். அவர்களை வீட்டார் என்ன பெயரிட்டு அழைத்திருப்பர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மாத்திரையைப் பற்றியும் ஒரு சொல். 1891இல் இங்கிலாந்தில் மரே என்ற மருத்துவர், இந்நோயால் வாடிய 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிவழி செலுத்தினார். அந்தப் பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914ஆம் ஆண்டு, கிறிஸ்து பிறப்பு நாளன்று, அமெரிக்காவில் கெண்டல் என்ற அறிஞர் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். இன்று குறைந்த விலையில் கிடைக்கும் சிறு மாத்திரை அதன் வழிவந்ததே. இது உடலில் இல்லாததை இட்டு நிரப்புவது. 'வாழ்நாள் முழுதும் அடிமையாகிவிடுவோம்' என்று அஞ்சுவோர், கண்ணாடி அணிவோரை அடிமை என்பதில்லையே! காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொண்டு, அரை மணி முதல் ஒரு மணி வரை கழித்தே காப்பி அருந்த வேண்டும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே பரிசோதனை பயன் தரும். ஒரு வாரத்தில் அசதி பறந்துவிடும் என்று எதிர்பார்க்கலாகாது.

கருவுற்ற தாய்மார் இதில் சிறிதும் அசட்டையாக இருக்கக் கூடாது. முதல் மூன்று மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் தைராக்சினையே நம்பியிருக்கிறது. மாத்திரை உண்பவர் கருவுற்றதை அறிந்தவுடன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பலருக்கு அளவைக் கூட்ட நேரும். 'மாசமாக இருக்கையில் மருந்து கூடாது' என்று மாமியார் நிறுத்திவிடுவது அன்பினால் செய்யும் கேடு. ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்று தைராய்டுக் குறைவோடு பிறக்கிறது. பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டால், அந்தக் குழந்தையின் அறிவைக் காப்பாற்றிவிடலாம். மருத்துவமனையில் கேட்டுப் பெறுங்கள்.

எல்லா எண்களும் சரியாக இருந்தும் சோர்வு தீரவில்லை என்றால்? 'ஒன்றுமில்லை' என்று அத்தாள் சொல்லவில்லை. 'தைராய்டு இல்லை' என்றுதான் சொல்கிறது. தமிழகத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. ஆகவே இரத்த அளவு, சர்க்கரை, பி12, சிறுநீரகம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். நம் ஊருக்கென்று இன்னும் இரண்டு உண்டு. காய்ந்த களிமண்ணின் நுண்தூசியில் உள்ள சிலிக்கா பல்லாண்டு நுரையீரலில் படிந்தால் மூச்சுத்திணறலும் களைப்பும் வரும். காசநோயும் எளிதில் பற்றும். ஈயம் கலந்த மெருகுப்பூச்சைக் கையாண்டவர்களுக்கு அசதியும் இரத்தசோகையும் தோன்றலாம். மருத்துவரிடம் செல்லும்போது 'நான் பட்டறையில் இன்ன வேலை செய்கிறேன்' என்பதை முதலில் சொல்லுங்கள். இவையன்றி உறக்கமின்மையும் மனச்சோர்வும் உண்டு. அவையும் நோய்களே, குற்றங்கள் அல்ல.

அந்தத் தாய் மாத்திரை தொடங்கி நான்கைந்து மாதங்களில் பழைய நிலைக்குத் திரும்பினார். ஒருநாள் பூசை முடிந்ததும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் சொன்னதை நானும் நம்பினேன் சாமி. நான்தான் கெட்டவளாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்" என்றார். அந்தச் சொல் இன்றும் என்னைச் சுடுகிறது. நோய் தந்த வேதனையோடு, செய்யாத குற்றத்தின் பாரத்தையும் அவர்மேல் ஏற்றியவன் நான்.

இறைவாக்கினர் எலியா பாலைவனத்தில் ஒரு செடியடியில் சோர்ந்து படுத்து, சாவைக் கேட்டபோது, வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி உறங்கவிட்டார், மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். பயணத்தைப் பற்றிய பேச்சு அந்த இரண்டாம் முறையில்தான் வந்தது. குருமடத்தில் அப்பகுதியைப் பலமுறை படித்திருக்கிறேன். அதன் பொருளை எனக்குக் கற்பித்தவர் அந்தத் தாய்.

கணவன்மாரே, பிள்ளைகளே, உங்கள் இல்லத்தில் ஒருவர் வாரக்கணக்கில் களைத்திருந்தால், புத்தி சொல்லுமுன் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் திரும்பி வரும்வரை அடுப்பங்கரை வேலையை நீங்கள் பாருங்கள். இறைவன் உங்கள் இல்லங்களைக் காப்பாராக.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை