இரண்டு மீட்டர் தொலைவு

அன்றாட வாழ்வைப் படம் எடுக்க எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்கும் நண்பர்களுக்கு என் விடை பெரும்பாலும் ஏமாற்றமே அளிக்கிறது. லென்ஸைக் கழற்ற முடியாத, சூம் வசதியும் இல்லாத, கைக்குள் அடங்கும் ஒரு சிறு கருவியே போதும் என்கிறேன். இவ்வளவு பணத்துக்கு இவ்வளவு இல்லாமையா என்று உடனே வியக்கிறார்கள். அந்த இல்லாமைக்காகத்தான் பணம் தருகிறோம் என்பதே என் கட்சி.

இவ்வகையில் இன்று பரவலாகப் பேசப்படுபவை இரண்டு வரிசைகள். 2011இல் விற்பனைக்கு வந்த ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 தொடங்கிவைத்தது ஒன்று. அதன் பார்வை பழைய ஃபிலிம் கணக்கில் 35 மி.மீ. லென்ஸுக்கு நிகரானது. மற்றொன்று ரிக்கோ ஜிஆர். 2019இல் வந்த ஜிஆர் 3, பேட்டரியோடு சேர்த்தே 257 கிராம்தான். பார்வை 28 மி.மீ.க்கு நிகரானது. இரண்டிலும் சென்சார் பெரியது. ஆகவே படத்தின் தரம் பற்றிய விவாதத்தை நீட்டத் தேவையில்லை.

நினைவில் கொள்ள வேண்டியது ஓர் எளிய கணக்கு. 28 மி.மீ. பார்வையோடு இரண்டு மீட்டர் தொலைவில் நின்றால் சட்டகத்திற்குள் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் அகலம் அடங்கும்: ஒரு தேநீர்க்கடைக்காரர், அவருடைய அடுப்பு, பெஞ்சில் அமர்ந்த இருவர். இதே அகலத்தை 200 மி.மீ. லென்ஸால் நிரப்ப விரும்புகிறவர் ஏறத்தாழ 14 மீட்டர் விலகி, சாலையின் மறுபக்கத்தில் நிற்கலாம். முதலாமவரைக் கடைக்காரர் பார்க்கிறார். எதற்கு என்று கேட்கலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், வேண்டாம் என்று கையசைக்கலாம். இரண்டாமவரிடம் இவற்றில் எதையும் செய்ய அவருக்கு வழியில்லை. லென்ஸ் தேர்வை அழகியல் சிக்கலாகவே பேசிப் பழகிவிட்டோம். களப்பணிக்குச் செல்லும் எங்களைப் போன்றோருக்கு அது முதலில் எதிரிலிருப்பவரின் மறுக்கும் உரிமை பற்றிய சிக்கல்.

அருகில் செல்வதே நாகரிகம் ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2020இல் எக்ஸ்100வி வெளியானபோது, வழிப்போக்கர்களின் முகத்துக்கு நேரே பாய்ந்து படம் எடுக்கும் டோக்கியோ ஒளிப்படக்காரர் ஒருவரைக் காட்டிய விளம்பரக் காணொளியை, கடும் எதிர்ப்புக்குப் பின் அந்நிறுவனமே விலக்கிக்கொண்டது. ஓசையற்ற ஷட்டரும் சிறு உருவமும் திருட்டுக்கும் வசதியானவைதான். ஆயினும் அங்கே நடந்தது என்ன என்பது அந்த வழிப்போக்கருக்குத் தெரிந்தது. 14 மீட்டர் தொலைவிலிருந்து எடுக்கப்பட்டவருக்கு அதுகூடத் தெரியாது.

அகன்ற, மாறாத பார்வைக்கு இன்னொரு பயனும் உண்டு. தில்லி தரியாகஞ்சின் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தை 2019இல் நடைபாதையிலிருந்து அகற்றப்பட்டு, பின்னர் மகிளா ஹாட் வளாகத்திற்குள் இடம் மாறியது. அந்த நடைபாதையின் படங்கள் என்று தேடினால் என் கண்ணில் படுபவற்றில் பல, புத்தக முதுகுகளின் நெருக்கக் காட்சிகள். அழகானவைதாம். ஆனால் விற்றவர் எதன்மீது அமர்ந்திருந்தார், விலையை எங்கே எழுதி வைத்திருந்தார், மழைக்கு எதைப் போர்த்தினார், பின்னால் எந்தக் கடையின் ஷட்டர் மூடியிருந்தது என்பவற்றை அவை சொல்வதில்லை. எடுப்பவர் வேண்டாம் என்று நினைத்தவற்றையும் 28 மி.மீ. உள்ளே இழுத்துவிடுகிறது. பின்னால் வரும் ஆய்வாளர் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவது பெரும்பாலும் அந்த வேண்டாதவற்றைத்தான்.

இதில் புதுமை ஒன்றுமில்லை. நம் வீட்டு ஆல்பங்களின் சதுரப் படங்கள் பல, ஒரு சுருளில் பன்னிரண்டே படம் தந்த ஆக்ஃபா கிளிக் 3 போன்ற எளிய கருவிகளின் கொடை. அவற்றிலும் லென்ஸ் மாறாது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை ஒளிப்படக் கலைஞரான ஹோமாய் வியாரவாலா பயன்படுத்திய ரோலிஃப்ளெக்ஸிலும் அப்படியே. ஒரே லென்ஸோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவருக்குக் கருவியை எடுக்கும் முன்பே சட்டகத்தின் நான்கு ஓரங்களும் கண்ணில் விழுந்துவிடும். சூம் வளையத்தைத் திருகிக்கொண்டிருப்பவருக்கு அந்தப் பழக்கம் படிவது கடினம் என்றே நினைக்கிறேன்.

கைப்பேசி இருக்கிறதே என்பது நியாயமான கேள்வி. அதன் முதன்மை லென்ஸும் 24 முதல் 26 மி.மீ.க்கு நிகரான, மாறாத லென்ஸ்தான். என் தயக்கம் வேறு. கைப்பேசி பல படங்களை ஒன்றாக்கி நிழலைத் தூக்குகிறது, வானத்தை அடக்குகிறது, அந்தியைப் பகலாக்குகிறது. இருட்டான ஓர் அறை எவ்வளவு இருட்டாக இருந்தது என்பதே என் கேள்வியாக இருக்கும்போது அந்த உதவி எனக்கு வேண்டாம். ஜிஆர் போன்ற கருவியில் ஆர்ஏடபிள்யூ கோப்பும் கைமுறை அமைப்பும் எப்போதும் விரலடியில் உள்ளன. துளையை எஃப்8இல் வைத்து, குவியத்தை இரண்டரை மீட்டரில் நிறுத்திவிட்டால் ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் முதல் அடிவானம் வரை தெளிவாக விழும். கேமரா குவியம் தேடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

குறைகளை மறைக்கவில்லை. பறவை, விளையாட்டு, கோபுரத்து உச்சிச் சிற்பம் ஆகியவற்றுக்கு இது உதவாது. உள்ளிழுத்துக்கொள்ளும் லென்ஸ் வழியே சென்சாரில் தூசி புகுந்தால் நாமே துடைக்க முடியாது. வட இந்தியக் கோடையில் அது சிறு கவலையன்று. ஜிஆர் 3இன் பேட்டரி ஏறத்தாழ 200 படங்களுக்குத்தான் தாங்கும். விலையோ, இவற்றின் இன்றைய புதிய மாதிரிகள் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000. கடன் வாங்கி வாங்குமாறு யாருக்கும் சொல்லமாட்டேன். பழைய மாதிரி ஒன்றைக் கைமாற்றாக வாங்கலாம். அதற்கும் வழியில்லையெனில், கைப்பேசித் திரையை இரு விரலால் பெருக்காமல், முதன்மை லென்ஸ் ஒன்றோடு மட்டும் மூன்று மாதம் நடந்து பாருங்கள்.

மிச்சமாகும் பணத்தில் கொஞ்சத்தை அச்சுக்கு ஒதுக்கலாம். இரண்டு மீட்டரில் நின்று எடுக்கப்பட்டவர் பெரும்பாலும் மறுநாளும் அதே இடத்தில்தான் இருப்பார். அஞ்சலட்டை அளவுப் படம் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு, அதை ஆய்வேட்டில் சேர்க்கலாமா என்று கேட்க முடியும். சிலர் வேண்டாம் என்பார்கள்.