தேர் நகரும் நொடி... போனுக்குள் ஒரு லேசர்!

ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில் போய், கோமதி அம்மன் தேர் வடத்தைப் பிடித்திருக்கிறீர்களா? பிடித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. எல்லோரும் ஒரே மூச்சில் இழுக்கும்போதுதான் சக்கரம் உருளும். அதுவரை போட்ட பலமெல்லாம் வீண் என்றே தோன்றும்.

லேசர் ஒளிக்கும் இப்படி ஓர் எல்லை இருக்கிறது. அதைத் தொட்டால்தான் லேசர். தொடாவிட்டால் அது வெறும் வெளிச்சம்!

அந்த எல்லை எங்கே இருக்கிறது?

குறைக்கடத்தி என்கிற செமிகண்டக்டரில் மின்சாரம் பாயும்போது, அதில் உள்ள எலெக்ட்ரான்கள் காலி இடங்களில் விழுந்து ஒளித்துகளை வெளியிடுகின்றன. ஒவ்வொரு துகளும் தன் இஷ்டத்துக்கு ஒரு திசையில் போகும். எல்இடி விளக்கின் ஒளி இப்படித்தான் வருகிறது.

இதன் இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்தால் கதை மாறும். திரும்பி வரும் ஒளித்துகள், அச்சு அசலாகத் தன்னைப் போலவே இன்னொன்றைப் பிறக்க வைக்கும். ஆனால், கசிந்தும் உறிஞ்சப்பட்டும் கொஞ்சம் ஒளி வீணாகிக்கொண்டே இருக்கும். வரவு செலவை ஈடுகட்டும் இடம்தான் அந்த எல்லை. அதைத் தாண்டியதும் ஒளி ஒரே தாளத்தில் பாய்கிறது.

1962-ல் வந்த முதல் குறைக்கடத்தி லேசர்களுக்கு இந்த எல்லையைத் தொட ஏகப்பட்ட மின்சாரம் தேவைப்பட்டது. திரவ நைட்ரஜனில் குளிர வைத்து, விட்டு விட்டுத்தான் இயக்க முடிந்தது. சாதாரண அறை வெப்பநிலையில் தொடர்ந்து ஒளிர வைக்க 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அறை சிறிதானால் செலவும் குறையும்

1977-ல் ஜப்பான் விஞ்ஞானி கெனிச்சி இகாவுக்கு ஒரு யோசனை. ஒளி சிப்பின் ஓரத்திலிருந்து வராமல், மேல்பக்கமாக வந்தால் என்ன? இப்படிப் பிறந்ததுதான் 'விக்சல்' லேசர். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி, ஒளியின் அலைநீள அளவுதான்!

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஒளி கடக்கும் தூரம் மிகக் குறைவு என்பதால், ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் வரவும் கொஞ்சம்தான். எனவே கண்ணாடி 99 சதவிகிதத்துக்கும் மேல் ஒளியைத் திருப்பி அனுப்ப வேண்டும். இதற்காக இரண்டு பொருள்களை மாற்றி மாற்றிப் பல அடுக்குகளாக வளர்க்கிறார்கள். பலன்? 1 மில்லிஆம்பியருக்கும் குறைவான மின்சாரத்திலேயே லேசர் எல்லையைத் தொடும் விக்சல்கள் வந்துவிட்டன.

2017-ல் வந்த ஐபோன் எக்ஸ், முகத்தை அடையாளம் காண 30,000-க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் வீசியது. அந்தப் புள்ளிகளின் ஊற்று விக்சல்கள்தான். எல்லை குறைந்ததால்தான், பேட்டரியை விழுங்காமல் லேசர் போனுக்குள் நுழைய முடிந்தது.

எல்லையே மறைந்தால்?

தேரோட்டத்தில் பல கைகள் வடத்தை எட்டவே முடியாது. பெரிய லேசர்களிலும் தானாகப் பிறக்கும் ஒளியில் பெரும்பகுதி வேறு திசைகளில் போய்விடும். அறை மிகமிகச் சிறியதானால், ஒளிக்குப் போக வழிகள் குறையும். பிறக்கும் ஒளியில் பெரும்பகுதி வடத்தைப் பிடித்துவிடும். எல்லை தாழ்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் கண்ணுக்கே தெரியாமல் போகும்.

அப்போது இது நிஜமாகவே லேசரா, நல்ல எல்இடியா என்ற சந்தேகம் வரும். பிரகாசத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒளித்துகள்கள் கும்பலாக வருகின்றனவா, சீராக வருகின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். லேசர் கண்டுபிடித்ததாகச் சொல்பவர்கள் என்னென்ன ஆதாரம் தர வேண்டும் என்று, 2017-ல் 'நேச்சர் போட்டானிக்ஸ்' ஆய்விதழ் ஒரு பட்டியலே கொண்டுவந்தது.

இந்தக் கறார் தேவைதான். டேட்டா சென்டர்களில் சர்வர்களுக்கு இடையே தகவல் சுமப்பதும் இத்தகைய குட்டி லேசர்களே. ஒவ்வொன்றின் எல்லையும் கொஞ்சம் இறங்கினால், மொத்தத்தில் மிச்சமாகும் மின்சாரமும் வெப்பமும் சின்னதல்ல.

அடுத்த முறை போன் உங்கள் முகத்தைப் பார்த்துத் திறந்தால், உள்ளே ஒரு குட்டித் தேரின் வடம் இழுபட்டிருக்கலாம்!