சிங்கம் ரெடி... நீங்க ரெடியா?



சிங்கம் பார்த்திருக்கீங்களா? சுசீந்திரம் கோயில் தூண்ல நிக்கிற யாளி, வண்டலூர் ஜூல அகழிக்கு அந்தப் பக்கம் கொட்டாவி விடுறது... இதெல்லாம் கணக்குல சேராது. காட்டுல, வேலியே இல்லாம, நம்ம ஜீப்புக்கு இருபதடி தூரத்துல! நான் பார்த்தேன் பாஸ். நாலு நிமிஷம். 43 போட்டோ எடுத்தேன். ஒண்ணுகூடத் தேறலை! அந்த சோகக் கதைதான் இந்த வாரம். நீங்களாவது தப்பிக்கணும்ல?

ஆசிய சிங்கம் காட்டுல வாழ்றது உலகத்துலயே குஜராத்துல மட்டும்தான். ஒரு காலத்துல ஈரான், துருக்கி வரைக்கும் திரிஞ்ச இனம். இப்போ கிர் காடும் அதைச் சுற்றியுள்ள சௌராஷ்டிரப் பகுதியும்தான் வீடு. 2015 கணக்கெடுப்பில் 523 சிங்கங்கள். 2020-ல் 674. 2025 மே மாதம் எண்ணினப்போ 891! ஸோ, சிங்கம் பெருகிட்டுதான் இருக்கு. என் போட்டோவுலதான் காணோம்.

நாகர்கோவில் வழியா போற ஜாம்நகர் எக்ஸ்பிரஸ்ல ஏறி, ராஜ்கோட்ல இறங்கி, ஜூனாகத் வழியா சாசன் கிர். செலவுக்கு நான் ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசு கொஞ்சம். மிச்சம் 10,000 ரூபாய் அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தது. கேமரா, சீனியர் அண்ணன்கிட்ட கடன் வாங்கினது. ஆன்லைன்ல பர்மிட் கிடைச்சது ஒரே ஒரு ட்ரிப்புக்கு. காலை முதல் ட்ரிப். (போக நினைக்கிறவங்க கவனிங்க... ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை பூங்காவுக்கு லீவு!)

அந்த நாலு நிமிஷம்

பகல்ல சிங்கம் நம்ம ஹாஸ்டல் பசங்க மாதிரி. எங்கயாவது நிழல்ல குறட்டைதான். அது எழுந்து நடக்கிறது இருட்டுலயும், விடியற நேரத்துலயும், பொழுது சாயறப்பவும்தான். அதோட கண்ணுக்குப் பின்னால கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு. உள்ளே வந்த வெளிச்சத்தை அது திருப்பி அடிக்கும். அதனால கொஞ்சூண்டு வெளிச்சமே சிங்கத்துக்குப் போதும். பாவம், நம்ம கேமராவுக்குப் போதாது.

வெயில் இன்னும் வரலை. தேக்கு மரங்களுக்கு நடுவுல ஆண் சிங்கம் ஒண்ணு சாவகாசமா நடந்து வருது. ஃப்ளாஷ் கூடவே கூடாதுன்னு கைடு முன்னாடியே சொல்லிட்டார். "ஐ.எஸ்.ஓ.வை ஏத்தினா படம் புள்ளி புள்ளியா வரும்"னு எவனோ எப்பவோ சொன்னதை நம்பி நான் வெச்சிருந்தது 400. லென்ஸ் 300 மி.மீ. ஷட்டர் 1/60 செகண்ட். ஜீப் இன்ஜின் வேற உறுமிக்கிட்டே இருக்கு. அதை ஆஃப் பண்ணச் சொல்ல எனக்கு இந்தி வரலை. 'பந்த்'னா நமக்குத் தெரிஞ்சது கடையடைப்பு மட்டும்தானே!

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டா, எல்லாத்துலயும் மஞ்சளா ஒரு தீற்றல். அப்பா கிட்ட வந்து உத்துப் பார்த்தார். "மக்கா, இதுல சிங்கம் எங்க நிக்கு?" அம்மா மட்டும், "நீ கண்ணால பாத்தேல்லா? அது போதும்"னாங்க. சீட்டுப் பணம் கொடுத்தவங்க அப்படிச் சொன்னதுதான் ரொம்ப வலிச்சது.

சிம்பிள் கணக்குதான்

நான் படிக்கிறது இ.சி.இ. சிக்னல், நாய்ஸ் எல்லாம் பரீட்சையில எழுதி மார்க் வாங்கினவன். காட்டுல மறந்துட்டேன்! ஐ.எஸ்.ஓ. ஒரு மடங்கு ஏறினா, ஷட்டர் ஒரு மடங்கு வேகமாகும். 400-ல் 1/60 என்றால் 800-ல் 1/125, 1600-ல் 1/250, 3200-ல் 1/500. அந்த லென்ஸைக் கையில பிடிச்சு எடுக்க, நடக்கிற சிங்கத்தை உறைய வைக்க, 1/500 வேணும். மூணே மூணு தடவை டயலைத் திருப்பியிருந்தா போதும். புள்ளி விழுந்த படத்தை சாஃப்ட்வேர் சரிபண்ணும். ஆடிப்போன படத்தை ஆண்டவனாலயும் முடியாது.

1912-ல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், கறுப்பு வெள்ளை ஃபிலிம்லதான் காட்டு யானைகளைப் படம் பிடிச்சார். ஒரு ரோலை மாட்டிட்டா அது முடியற வரை அதே வேகம்தான். நமக்கு ஒரு பட்டன். அதையும் அழுத்தப் பயந்தா எப்படி?

இன்னும் சில டிப்ஸ்...

* இருட்டுப் பின்னணியைப் பார்த்து கேமரா தானா படத்தை வெளுக்க வெச்சிடும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைங்க. ஷட்டரும் வேகமாகும், விடியலும் விடியலாவே இருக்கும்.

* ஃபோகஸை வெறும் உடம்பு மேல வைக்காதீங்க, கேமரா தடுமாறும். கண் ஓரம், பிடரியும் முகமும் சேர்ற இடம் பெஸ்ட்.

* பழைய சுடிதார் காலை வெட்டி, அரிசி நிரப்பித் தைச்சா பீன் பேக் ரெடி! ஜீப் கம்பியில வெச்சு லென்ஸை அதுமேல சாய்ங்க. படுத்திருக்கிற சிங்கத்துக்கு 1/125 போதும்.

* ஃபோகஸுக்காக கேமராவில் எரியற குட்டி விளக்கையும் அணைச்சிடுங்க. "இன்னும் கிட்ட போங்க"ன்னு டிரைவரைப் படுத்தாதீங்க. அது அதோட வீடு.

தோவாளையில் ட்ரெயினிங்

இதையெல்லாம் கிர்ல போய்க் கத்துக்கக்கூடாதுங்கிறதுதான் நான் படிச்ச பாடம். அப்பா தோவாளை பூ மார்க்கெட்ல எடை போடுறவர். விடியறதுக்கு முன்னாடியே குண்டு பல்பு வெளிச்சத்துல பிச்சியும் அரளியும் கைமாறுற இடம். ரெண்டு மாசமா ஞாயிற்றுக்கிழமை அவர்கூடவே போறேன். ஓடுற கைகளைப் பிடிச்சுப் பழகினா ஓடுற சிங்கத்தையும் பிடிக்கலாம். அப்புறம் அப்படியே தேரூர் குளம். 2022-ல் ராம்சர் பட்டியல்ல சேர்ந்த நம்ம சுசீந்திரம்-தேரூர் ஈரநிலம்தான். போன வாரம் வெயில் வர்றதுக்கு முன்னாடி ஒரு நீலத் தாழைக்கோழி. ஐ.எஸ்.ஓ. 3200. புள்ளி இருக்கு. ஆனா கண்ணு ஊசி மாதிரி நிக்குது!

அப்பா பார்த்தார். இந்தத் தடவை "எங்க நிக்கு?"ன்னு கேட்கலை.

அம்மா புதுச் சீட்டு சேர்ந்திருக்காங்க. முடிய ரெண்டு வருஷம் ஆகும். எனக்கு அவசரமில்லை. தோவாளையில பல்பு எரியுது.

அடுத்த வாரம் பார்க்கலாம், மக்களே!