நேர்த்தையல் மட்டும் போதுமா?

பனியன் துணியில் அம்மா தைத்த பேண்ட், கோ-கோ ஆடும்போது தையல் விட்டுப்போச்சு. எல்லாரும் சிரிச்சீங்க. துணி கிழியலை, நூல்தான் அறுந்தது. ஏன் தெரியுமா? பனியன் துணி இழுத்தால் நீளும், நேர்த்தையல் நீளாது. எங்க வீட்டுக் கால்மிதி மிஷின் நேராக மட்டுமே தைக்கும். ஜிக்ஜாக் தையல் வளைந்து வளைந்து போவதால் துணியோடு நீளும். ஓரத்துக்கு அழகும்கூட. திருப்பூரில் பனியனை ஓவர்லாக், பிளாட்லாக் மிஷின்களில் தைப்பதும் நீளத்தான். ஜிக்ஜாக் மிஷினுக்கு 1873-இல் காப்புரிமை வாங்கிய ஹெலன் பிளாஞ்சார்ட் ஒரு பெண்!

ஆனால் நம்ம மண்ணச்சநல்லூரில் சிலர், "படிப்பு வராதவங்களுக்குத்தான் தையல்" என்கிறார்கள். எது நீளும், எது அறும் என்று யோசிப்பது படிப்பு இல்லையா? ஆசிரியர்களே, பள்ளியில் ஒரு ஜிக்ஜாக் மிஷின் வைத்துப் பையன்களுக்கும் சேர்த்துக் கற்றுத்தர வேண்டும். இது என் கருத்து. அன்று சிரித்தவர்களே, முதல் வகுப்புக்கு நீங்களும் வாங்க!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி