பல்பு மாட்டினால் சூரியன் ஆகிவிடுமா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை தருகிறேன் என்றதும், "என்னடா, நாட்டின் வளர்ச்சியில் தொழில்நுட்பக் கல்வியின் பங்கா?" என்று கேட்டார்கள் அறை நண்பர்கள். "இல்லடா, ஓணானுக்கு லைட் போட்ட கதை" என்றேன். ஹாஸ்டலே சிரித்தது. சிரிக்கட்டும். அந்த ஓணானிடம் நான் கற்றது, மூன்று வருட லேப் வகுப்பிலும் எனக்கு உறைக்காத ஒன்று. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன். ஆசைப்பட்டு ஒரு பியர்டட் டிராகன் குட்டியை வாங்கி வந்துவிட்டார். தாடி ஓணான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபம் வந்தால் கழுத்துக்குக் கீழே கறுத்து உப்பும், அதனால் இந்தப் பெயர். "தம்பி, நீ எலக்ட்ரிக்கல்தானே படிக்கிற? இதுக்கு ஒரு பொட்டி ரெடி பண்ணி லைட் போட்டுக் குடு" என்றார். எனக்கு ஒரே பெருமை! நான்கடிக் கண்ணாடித் தொட்டி, நடுவில் 100 வாட் குண்டு பல்பு, அவர் வாங்கி வந்த புற ஊதா டியூப், சுவரில் ஒட்டும் வட்டத் தெர்மாமீட்டர். ஓணான் தாவி டியூபைத் தொட்டுவிடக் கூடாதே என்று கண்ணாடி மூடிக்கு மேலே டியூபைப் பொருத்தினேன். சுவிட்சைத் தட்டினேன். பளிச்சென்று எரிந்தது. தெர்மாமீட்டர் 35 காட்டியது. ஒரு துணைமின் நிலையத்தையே இயக்கி வைத்தவன் போல வீட்டுக்கு வந்தேன்.

நான்கு மாதம் கழித்து அண்ணன் கூப்பிட்டார். குட்டியின் பின்னங்கால்கள் நடுங்கின. தாடை ரப்பர் போல மெத்தென்று இருந்தது. எலும்பில் சுண்ணாம்புச் சத்து ஏறவில்லை, புற ஊதா கிடைக்கவில்லை என்றார் கால்நடை மருத்துவர். அண்ணன் என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தம்பி, லைட்டு நல்லாத்தானே எரிஞ்சுச்சு?"

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

இந்தப் பிராணியின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பூமி. வேலிக் கம்பத்திலும் மரக்கிளையிலும் ஏறி உட்கார்ந்து வெயில் காயும். காலையில் உடலைக் கருமையாக்கிச் சூட்டை இழுக்கும். சூடு ஏறியதும் வெளுத்துக்கொள்ளும். இன்னும் ஏறினால் வாயைப் பிளந்து ஆற்றும், நிழலுக்குப் போய்விடும். அதாவது தன் உடம்புக்குத் தானே தெர்மோஸ்டாட்! ஆனால் ஒரு நிபந்தனை. போக வெயிலும் வேண்டும், ஒதுங்க நிழலும் வேண்டும். நான் என்ன செய்தேன்? நடுவில் பல்பைப் போட்டுப் பெட்டி முழுவதையும் ஒரே அடுப்பாக்கினேன்.

சூடு இவற்றுக்கு எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? முட்டைகள் 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் அடைகாக்கப்பட்டால், மரபணுவால் ஆணாக இருக்க வேண்டிய குஞ்சு பெண்ணாகப் பிறக்கலாம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டிலேயே இப்படி மாறிய ஓணான்களைக் கண்டு 2015-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சில டிகிரி வித்தியாசம் ஆணையே பெண்ணாக்குகிறது. நாமோ "ஏதோ சூடா இருந்தாச் சரி" என்கிறோம்!

என் கருத்து இதுதான். வெளிச்சம் வேறு, சூடு வேறு, புற ஊதா வேறு. மூன்றும் சூரியனிடம் ஒன்றாக வருவதால் ஒரே பல்பில் வந்துவிடும் என்று நினைக்கிறோம். குண்டு பல்பு வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பம், சிறு பங்குதான் வெளிச்சம், எலும்புக்கு உதவும் புற ஊதா இல்லை. சாதாரண எல்.இ.டி. நல்ல வெளிச்சம் தரும், வெயில் காய உதவாது, புற ஊதாவும் இல்லை. ஆகவே மூன்று வேலைக்கு மூன்று ஏற்பாடு வேண்டும்.

புற ஊதா எதற்கு? சுமார் 290 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள 'பி' வகைக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3-க்கு முந்தைய பொருள் உண்டாகிறது. உடல் சூட்டில் அது டி3 ஆக மாறுகிறது. அது இருந்தால்தான் தீனியில் உள்ள கால்சியம் உடலில் சேரும். சாதாரண கண்ணாடி இந்தக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை மட்டும் தாராளமாக விடும். ஆக, லைட்டு நல்லாத்தான் எரிந்தது. ஓணானுக்கு வேண்டியது மட்டும் என் மூடியோடு நின்றுவிட்டது.

இனி இந்த வேலை யாருக்காவது வந்தால், நான் செய்ததைச் செய்யாதீர்கள். இப்படிச் செய்யுங்கள்.

பெட்டி நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமாவது வேண்டும். சூட்டு பல்பு ஒரு கோடியில், மேலிருந்து கீழே. அதன் அடியில் ஒரு கல்லோ கட்டையோ. அந்தப் பரப்பு சுமார் 40 டிகிரி. மறுகோடி 25 டிகிரியை ஒட்டி. இரவில் 20 வரை இறங்கினாலும் பாதகமில்லை. சிவப்பு பல்பு இரவில் அதற்குத் தெரியாது என்று சொல்வதை நம்பாதீர்கள், அதற்கு நிறம் நன்றாகத் தெரியும், தூக்கம் கெடும். இரவில் சூடு தேவைப்பட்டால் வெளிச்சமே இல்லாத செராமிக் ஹீட்டர், அதுவும் பீங்கான் ஹோல்டரில். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும். அடியில் வைக்கும் மின்சாரச் 'சூட்டுக்கல்' வேண்டவே வேண்டாம், வயிறு வெந்துபோகும்.

புற ஊதாவுக்கு டி5 டியூப், பெட்டியில் பாதி நீளத்துக்குக் குறையாமல், சூட்டு பல்பு இருக்கும் பக்கமாக. வெயில் காயும் இடமும் கதிர் படும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓணானின் உச்சந்தலையில் ஒளியை உணரும் மூன்றாவது கண் ஒன்று உண்டு, பக்கவாட்டில் அடித்தால் இரு கண்களும் கூசும். ஆகவே மேலிருந்துதான். இடையே கண்ணாடி கூடாது. கம்பி வலை இருந்தால் அதுவும் கணிசமாகக் குறைக்கும், அதற்கேற்ப டியூபை இறக்க வேண்டும். எவ்வளவு தூரம்? 'இலுமினேஷன்' பாடத்தில் தூரம் கூடினால் செறிவு எப்படிக் குறையும் என்று படித்தோமே, அது பரீட்சைக்கு மட்டுமல்ல. 2010-ல் ஃபெர்குசன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் ஊர்வனவற்றின் வெயில் பழக்கத்தை அளந்து நான்கு வகையாகப் பிரித்தார்கள். அதில் தாடி ஓணான் மூன்றாம் வகை. வெயில் காயும் இடத்தில் புற ஊதாக் குறியீடு 3 முதல் 5 வரை, நிழலில் பூஜ்யம் என்று வைத்தால் சரியாக இருக்கும். டியூபின் வெளிச்சம் அப்படியே இருக்கும்போதே புற ஊதா தேய்ந்துகொண்டே வரும். வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

தெர்மோஸ்டாட் கட்டாயம். பல்புக்கு 'டிம்மிங்' வகை, செராமிக் ஹீட்டருக்கு 'பல்ஸ்' வகை. சென்சாரை அசையாமல் கட்டுங்கள். ஓணான் அதை இழுத்துக் குளிர்ந்த பக்கம் போட்டால், சூடு போதவில்லை என்று நினைத்துத் தெர்மோஸ்டாட் ஹீட்டரை முழு வேகத்தில் விட்டுவிடும்! லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். சித்திரை வெயிலில் அறையே 36 டிகிரி என்றால் குளிர்ந்த பக்கம் எங்கே இருந்து வரும்? அப்போது பிரச்சனை சூடாக்குவதல்ல, ஆற்றுவது. 100 வாட் பல்பும் 54 வாட் டியூபும் தினம் 12 மணி நேரம் எரிந்தால் மாதம் சுமார் 55 யூனிட். டியூப், தெர்மோஸ்டாட் விலை தனி. இதெல்லாம் முடியாது என்றால் அந்தப் பிராணியை வாங்காமல் இருப்பதே தர்மம். அழகுக்காக வாங்கி, இருட்டுப் பெட்டியில் வைப்பது கருணை ஆகாது.

"சரிப்பா, எங்களுக்கும் ஓணானுக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறீர்களா? இருக்கிறது. லேபில் நாம் என்ன செய்கிறோம்? சீனியரின் ரெக்கார்டு நோட்டை வாங்கி ரீடிங்கை அப்படியே எழுதுகிறோம். கர்வ் அழகாக வருகிறது, சார் கையெழுத்துப் போடுகிறார். மோட்டார் புகார் சொல்வதில்லை. நானும் அதே பழக்கத்தில்தான் அந்தத் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். அது காட்டிய 35, கண்ணாடிச் சுவரின் சூடு. கல்லின் சூட்டை நான் அளக்கவே இல்லை. பிறகு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தபோது கல் 53 டிகிரி! புற ஊதாவை அளக்க மீட்டர் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. எரிகிறதா என்று பார்த்தேன், வேலை செய்கிறதா என்று பார்க்கவில்லை.

நாளை நம்மில் ஒருவர் ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தையின் இன்குபேட்டரைச் சரிசெய்யப் போகலாம். இன்னொருவர் கோழிப் பண்ணையில் குஞ்சுகளுக்குச் சூடு போடலாம். அங்கே உள்ளே இருப்பவை வாய் திறந்து "இங்க சூடு பத்தல" என்று சொல்லப்போவதில்லை. நாம்தான் அளந்து பார்க்க வேண்டும்.

அந்தப் பெட்டியை நான் மறுபடி பிரித்துக் கட்டினேன். மருத்துவர் கால்சியம் மருந்து கொடுத்தார். ஓணான் பிழைத்துக்கொண்டது, இப்போது நன்றாகத் தின்கிறது. ஆனால் வளைந்த கால் வளைந்ததுதான். அண்ணன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அது கல் மேல் உட்கார்ந்து என்னைப் பார்க்கும். நான் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துவிடுவேன்.

ஆகவே நண்பர்களே, அடுத்த லேப் வகுப்பில் ரீடிங்கை நாமே எடுப்போம். தப்பாக வந்தாலும் பரவாயில்லை, நம்முடைய ரீடிங்காக இருக்கட்டும்!

— மூன்றாமாண்டு மின்னியல் மாணவன்