ஸ்பானிஷ் வினைச்சொல்லும் ஆறு கட்டமும்

ஸ்பானிஷ் கற்க ஆரம்பிப்பவர்கள் முதலில் சந்திக்கும் பூதம் ஒரு அட்டவணை. "அப்லார்" என்றால் பேசுதல். கடைசியில் இருக்கும் "ஆர்" போய்விட்டால் மிச்சம் "அப்ல்". அதோடு விகுதி சேர்த்தால் அப்லோ (பேசுகிறேன்), அப்லாஸ் (பேசுகிறாய்), அப்லா (பேசுகிறான், பேசுகிறாள்), அப்லாமோஸ் (பேசுகிறோம்), அப்லாய்ஸ் (பேசுகிறீர்கள்), அப்லான் (பேசுகிறார்கள்). மொத்தம் ஆறு கட்டம். "எர்", "இர்" என்று முடியும் வினைகளுக்கும் இதே மாதிரிதான். அந்த இரண்டு வகைக்கும் நடுவில் நிகழ்காலத்தில் வித்தியாசம் இரண்டே கட்டத்தில்தான்: நாம், நீங்கள். கொமேர் (சாப்பிடுதல்) கொமேமோஸ் ஆகும், பிவிர் (வாழ்தல்) பிவிமோஸ் ஆகும்.

இதில் என்ன பிரச்சனை என்கிறீர்களா? அட்டவணையில் தப்பில்லை. கற்றுக்கொடுக்கும் விதத்தில்தான் கோளாறு.

ஆங்கில வழியில் எழுதிய புத்தகங்கள் பல "யோ அப்லோ, தூ அப்லாஸ்" என்று யோ (நான்), தூ (நீ) எல்லாவற்றையும் சேர்த்தே மனப்பாடம் செய்ய வைக்கின்றன. ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது. ஸ்பானிஷில் விகுதியே ஆளைச் சொல்லிவிடும். வரிக்கு வரி "யோ, யோ" என்றால் கேட்பவருக்கு "நானாக்கும்" என்று அழுத்திச் சொல்வது போல இருக்கும். "பேசுகிறேன்" என்றாலே பேசுவது யார் என்று தெரிந்துவிடும் தமிழ் மாணவருக்கு இது புது விஷயமே இல்லை. ஆனாலும் அவரும் ஆங்கிலத்தைச் சுற்றித்தான் போகிறார். பக்கத்து வீட்டுக்குப் போக பஸ் பிடிக்கிற கதை!

நிகழ்காலத்தின் பயனும் அப்படியே. "மன்யானா அப்லோ" என்றால் "நாளைக்குப் பேசுகிறேன்". எதிர்கால விகுதி வேண்டியதில்லை.

எழுவாய் தேவைப்படும் இடமும் உண்டு. "அப்லா" என்பது அவன், அவள், மரியாதையான "நீங்கள்" (உஸ்தெத்) மூன்றுக்கும் பொது. உஸ்தெத் என்பது "தங்கள் கருணை" என்ற பொருள் தரும் பழைய மரியாதைத் தொடரின் சுருக்கம். அதனால்தான் முன்னிலையில் இருப்பவருக்குப் படர்க்கை விகுதி. இந்த ஒரு வரியைச் சொல்லிக்கொடுத்தால் மாணவர்களின் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. ஆறாவது கட்டத்தோடு கதை முடிவதில்லை. அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே, நிகராகுவா போன்ற நாடுகளில் நண்பனை "தூ" என்பதைவிட "போஸ்" என்று அழைப்பதுதான் அதிகம். அர்ஜென்டினாவில் மட்டுமே நாலரைக் கோடிப் பேருக்கு மேல். 1964-ல் வெளிவர ஆரம்பித்த கீனோவின் புகழ்பெற்ற சித்திரக்கதைச் சிறுமி மஃபால்தா பேசுவதும் இந்த "போஸ்"தான். இத்தனை பேர் பேசுவது பல பாடப்புத்தகங்களில் அடிக்குறிப்பாகக்கூட இல்லை. ஸ்பெயினுக்கு வெளியே பேச்சில் அநேகமாகக் கேட்கவே கேட்காத "அப்லாய்ஸ்"க்கு மட்டும் தனிக்கட்டம்!

வேடிக்கை என்னவென்றால், இருப்பதிலேயே சுலபம் இந்த "போஸ்"தான். வினையின் கடைசி "ர்" இடத்தில் "ஸ்" போட்டு, கடைசி அசையை அழுத்தினால் வேலை முடிந்தது: அப்லாஸ், கொமேஸ், பிவீஸ். "தூ"வுக்கு வடிவம் மாறித் தொல்லை தரும் வினைகள்கூட இங்கே சாதுவாகிவிடும். பொதேர் (முடிதல்) "தூ"வுக்கு புவேதெஸ், "போஸ்"க்கு வெறும் பொதேஸ். "இரு", "போ" மாதிரி விதிவிலக்குகள் மிகச் சிலவே.

தேர்வில் ஆறு கட்டம்தானே கேட்கிறார்கள் என்று வாதிடலாம். கேட்கட்டும், எழுதி மார்க் வாங்கட்டும். ஆனால் மொழி கற்பது எதிரே இருப்பவரோடு பேசத்தானே? முழு மார்க் வாங்கியவர் புவெனோஸ் ஐரெஸில் இறங்கி, டீக்கடையில் தன்னைக் கேட்ட முதல் கேள்வியிலேயே விழித்தால், அந்த மார்க்கை வைத்து என்ன செய்வது?

அட்டவணை இருக்கட்டும். எழுவாயை அடைப்புக்குள் தள்ளிவிட்டு, விகுதியை முன்னால் வைத்து, ஏழாவதாக ஒரு கட்டம் போடுங்கள். அதற்கு ஒரு கோடு கூடுதலாக இழுத்தால் போதும்.